டைனோசர் புத்தகம் வாங்கப் போகுமுன்

கேள்வி: ஐயா, நான் பெரம்பலூர் மாவட்டத்தில் தையற்கடை வைத்திருக்கிறேன். என் மகன் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் 7ஆம் வகுப்புப் படிக்கிறான். இரண்டு ஆண்டுகளாக டைனோசர் என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். புத்தகக் கண்காட்சியில் 350 ரூபாய்க்கு ஒரு பெரிய படப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். பள்ளி நூலகத்துப் பழைய புத்தகத்தில் டைரனோசரஸ் வாலைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து நிற்கிறது. நான் வாங்கியதில் வால் மேலே நிற்கிறது. கைபேசியில் பார்த்த படத்திலோ உடம்பெல்லாம் இறகு. எது சரி என்று என்னைக் கேட்கிறான். "இதையெல்லாம் எவன் பார்த்தான்?" என்று என் மாமனார் சிரிக்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நல்ல புத்தகம் எது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, ஆங்கிலத்தில் வாங்கலாமா? அவனோடு சேர்ந்து நானும் படிக்க நினைக்கிறேன். குன்னம் பக்கம் என் தாய்வீட்டு வயலில் கிடைத்த பந்து போன்ற கல்லை டைனோசர் முட்டை என்று துணியில் சுற்றி வைத்திருக்கிறான். அது முட்டைதானா?

பதில்: அன்புள்ள அம்மையாருக்கு,

உங்கள் கடிதத்தில் உள்ள கேள்விகளில் மிகச் சிறந்தது உங்கள் மாமனாருடையது. அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். நான் கேலியாகச் சொல்லவில்லை. கல்லூரியில் நிலவியல் கற்பித்த முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில், "எவன் பார்த்தான்?" என்ற அந்த ஒரே கேள்விக்குத்தான் வகுப்பு வகுப்பாக நான் விடை சொல்லிக்கொண்டிருந்தேன். டைனோசர் நூல்களை நான் தரம் பிரிப்பதும் அதைக் கொண்டுதான். இன்ன விலங்கு இத்தனை அடி நீளம், இன்னதைத் தின்றது, இப்படி ஓடியது என்று சொல்லும் நூல், அது எந்த எலும்பிலிருந்து, யாரால், எப்படித் தெரிய வந்தது என்பதையும் கூடவே சொன்னால் அது வாங்கத்தக்கது. சொல்லாவிட்டால், தாள் எவ்வளவு பளபளத்தாலும் அது படம் பார்க்க மட்டுமே உதவும்.

முதலில் உங்கள் மகனைக் குழப்பிய மூன்று படங்களை எடுத்துக்கொள்வோம். டைரனோசரஸ் ரெக்ஸ் என்ற பெயரை 1905இல் சூட்டியவர் அமெரிக்கரான ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பர்ன். 1915இல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அதன் எலும்புக்கூட்டைப் பூட்டி நிறுத்தியபோது, கங்காரு உட்காருவதுபோல் வாலைத் தரையில் ஊன்றி நிமிர்த்தி வைத்தார்கள். அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் வந்த புத்தகங்கள், பொம்மைகள், திரைப்படங்கள் யாவும் அந்தக் கூட்டைப் பார்த்தே வரையப்பட்டன. 1964இல் ஜான் ஆஸ்ட்ரம் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் டைனோனிக்கஸ் என்ற ஆளுயரம்கூட இல்லாத வேட்டை விலங்கின் எலும்புகளை எடுத்தார். அதன் வால் எலும்புகளை ஒட்டி மெல்லிய எலும்புக் கம்பிகள் நீளவாக்கில் ஓடி, வாலை விறைப்பாகப் பிடித்திருந்தன. அப்படிப்பட்ட வாலைத் தரையில் மடக்கிப் போட முடியாது, பின்னால் நீட்டிச் சமநிலைக்குத்தான் பயன்படுத்த முடியும். டைனோசர் நடந்த பாதைகள் சேற்றில் பதிந்து கல்லாகிப் பல நாடுகளில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் கால் தடங்கள் வரிசையாக இருக்க, வால் இழுபட்ட கோடு மிக அரிதாகவே காணப்படுகிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த பிறகு, 1990களில் அந்த நியூயார்க் அருங்காட்சியகமே தன் பழைய எலும்புக்கூட்டைக் கழற்றி, முதுகு தரைக்கு இணையாக இருக்கும்படி மறுபடியும் பூட்டியது. ஆகவே நீங்கள் வாங்கிய புத்தகத்தின் படம் சரி. பள்ளி நூலகத்துப் புத்தகத்தின் படம் ஒரு காலத்தில் சரி என்று நம்பப்பட்டது.

இறகின் கதை வேறு. 1996இல் சீனாவின் லியாவ்னிங் மாநிலத்தில் சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறு டைனோசர் கிடைத்தது. ஏரியடியில் படிந்த எரிமலைச் சாம்பல் மிக நுண்ணியதாக இருந்ததால், முதுகெங்கும் படர்ந்திருந்த தூவி போன்ற இழைகள்கூட அச்சாகப் பதிந்திருந்தன. 2012இல் அதே பகுதியிலிருந்து யூடைரனஸ் என்ற சுமார் 9 மீட்டர் நீள விலங்கு அறிவிக்கப்பட்டது. அது டைரனோசரஸின் உறவினம், அதற்கும் இறகிழைகள் இருந்தன. உடனே ஓவியர்கள் ரெக்ஸுக்கும் கோழிக்குஞ்சுபோல் இறகு போர்த்திவிட்டார்கள். ஆனால் ரெக்ஸின் கழுத்து, இடுப்பு, வால் ஆகிய இடங்களின் தோல் அச்சுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில் அங்கெல்லாம் செதில்களே காணப்பட்டன. எங்கேனும் ஓரிடத்தில் கொஞ்சம் இறகு இருந்திருக்கலாம்; உடம்பெல்லாம் இறகு என்பதற்கு இன்று சான்றில்லை. இதை அப்படியே உங்கள் மகனிடம் சொல்லுங்கள். எந்தப் படம் சரி என்பதைவிட, அந்தப் படம் ஏன் மாறியது என்பதுதான் அவனுக்கு அதிகம் பிடிக்கப்போகிறது.

இந்தத் துறையில் புத்தகம் பழசாகும் வேகம் அதிகம் என்பதால், கையில் எடுத்ததும் உள்தாளைப் புரட்டி முதற்பதிப்பு எந்த ஆண்டு என்று பாருங்கள். கடைசியாக அச்சிட்ட ஆண்டு முக்கியமில்லை. அது நேற்றாகவும் இருக்கலாம். ஆண்டு மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு அச்சான மலிவுப் படப் புத்தகங்களில்கூட அறுபது ஆண்டுக்கு முந்தைய படங்களையும் வரிகளையும் பார்த்திருக்கிறேன்; ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுவதால் வரும் வினை அது.

கடையில் நின்றுகொண்டே ஒரு புத்தகத்தைச் சோதிக்க வேண்டுமானால், நான் முதலில் திருப்புவது ஓவிராப்டரின் பக்கத்தை. 1923இல் மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில், முட்டைக் குவியல் ஒன்றின்மேல் கிடந்த எலும்புக்கூட்டுக்கு, வேறொரு டைனோசரின் முட்டைகளைத் திருட வந்து அங்கேயே மாண்டுபோனது என்று கருதி, முட்டைத் திருடன் என்ற பொருளில் அந்தப் பெயரை வைத்தார்கள். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அந்தப் பழி நீடித்தது. 1993இல் அதே கோபியில் அதே வகை முட்டை ஒன்றுக்குள் கருவின் எலும்புகள் கிடைத்தன. அந்தக் கரு ஓவிராப்டரின் குடும்பத்தைச் சேர்ந்தது. திருடனென்று நாம் பெயர் வைத்த விலங்கு, தன் முட்டைகளின் மேலேயே இறந்திருக்கிறது. இந்தச் செய்தி வெளிவந்து பல ஆண்டுகள் கழித்தும், பழைய பாடநூலை நம்பி நான் வகுப்பில் திருட்டுக் கதையையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் முதலாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, தான் படித்த சிறுவர் புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்டாள். மறுநாள் அந்தப் புத்தகத்தையே கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். பெயரையும் சொல்லி, பெயர் வந்த தவற்றையும் சொல்லும் நூலை நம்பலாம். இன்னும் திருடனாகவே காட்டும் நூலைத் திரும்பவும் அடுக்கிலேயே வைத்துவிடுங்கள்.

அடுத்தபடியாக, முதுகில் பாய்மரம்போல் விரிந்த தோலுடைய டைமெட்ரடான் டைனோசர்களுக்கு நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். அது டைனோசர்கள் தோன்றுவதற்கு ஏறக்குறைய 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்த விலங்கு. உறவு முறையில் பல்லியைவிட நமக்கே நெருக்கமானது. அதுபோலவே, ஸ்டெகோசாரஸும் டைரனோசரஸும் ஒரே காட்டில் மோதிக்கொள்வதாகப் படம் போட்டிருந்தால், வரைந்தவருக்குக் காலக் கணக்கு தெரியவில்லை என்று பொருள். ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், டைரனோசரஸ் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலத்தின் கடைசியில் வந்தது. டைரனோசரஸுக்கு ஸ்டெகோசாரஸைவிட நாமே காலத்தால் பக்கத்தில் இருக்கிறோம்.

இன்னொன்று, நடை பற்றியது. நல்ல தொல்லுயிரியல் நூலில் 'இருக்கலாம்', 'எனக் கருதப்படுகிறது', 'இன்னும் உறுதியாகவில்லை' என்பவை அடிக்கடி வரும். சில பெற்றோர் இதைக் குறையாக நினைக்கிறார்கள். எனக்கு அதுவே நம்பிக்கை தருகிறது. அதே வேளையில், உறுதியாகத் தெரிந்ததைத் துணிந்து சொல்லவும் வேண்டும். டைனோசரின் நிறம் தெரியவே தெரியாது என்று பழைய நூல்கள் எழுதின. 2010இல், நான் மேலே சொன்ன சைனோசாரோப்டெரிக்ஸின் இறகிழைகளுக்குள் நிறமித் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்து, இன்றைய பறவைகளின் நிறமித் துணுக்குகளோடு ஒப்பிட்டு, அதன் வால் செம்பழுப்பும் வெண்மையுமாகப் பட்டை பட்டையாக இருந்தது என்று கண்டார்கள். ஒரு விலங்குக்கு நிறம் தெரிகிறது, இன்னொன்றுக்குத் தெரியவில்லை என்று பிரித்துச் சொல்லும் ஆசிரியரே உண்மையானவர்.

இனி நூல்களுக்கு வருவோம். பெயர்களை நீளமாக அடுக்கினால் நீங்கள் எதையும் வாங்கப் போவதில்லை என்பது என் அனுபவம். ஆகவே விரல்விட்டு எண்ணக்கூடியவற்றையே சொல்கிறேன். முதல் நூல் மகனுக்கல்ல, உங்களுக்கு. நீல் ஷூபின் 2008இல் எழுதிய 'யுவர் இன்னர் ஃபிஷ்' என்பதை எப்படியாவது படியுங்கள். அது டைனோசர் நூலே அல்ல. மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் கற்பித்த ஒருவர், நம் கை, காது, பல் ஆகியவற்றின் பூர்வ கதையைத் தேடிப் போவதுதான் அந்நூல். மீன்களுக்கும் நிலத்தில் நடந்த முதல் நாலுகால் விலங்குகளுக்கும் இடைப்பட்ட உயிர் ஒன்று இருந்திருக்குமானால், அது சுமார் 37.5 கோடி ஆண்டு வயதுள்ள, ஆற்றுப் படுகையில் படிந்த பாறையில்தான் இருக்க வேண்டும் என்று அவரும் அவருடைய தோழர்களும் முதலில் கணக்கிட்டார்கள். நிலவியல் வரைபடத்தில் அப்படிப்பட்ட பாறை எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவுக்குப் பல கோடைகள் போய் வெறுங்கையோடு திரும்பி, கடைசியில் 2004இல் டிக்டாலிக்கைக் கண்டெடுத்தார்கள். மீனைப்போல் செதிலும் துடுப்பும், அந்தத் துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்பும் அதற்கு இருந்தன. எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்லி, அங்கே போய் எடுத்த கதை இது. மாமனாருக்குச் சொல்ல இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது. ஆங்கிலம் எளிமையானது, ஒரு நாளைக்கு நாலு பக்கம் போதும்.

டைனோசர்களைப் பற்றியே பெரியவர்கள் படிக்க வேண்டுமானால், ஸ்டீவ் புருசாட்டியின் 'தி ரைஸ் அண்ட் ஃபால் ஆஃப் தி டைனோசர்ஸ்' நூலைச் சொல்வேன். 2018இல் வந்தது, தோன்றிய காலத்தில் பெரிய முதலையினங்களுக்கு நடுவே சிறியவையாக இருந்த டைனோசர்கள் எப்படித் தலையெடுத்தன என்பதில் தொடங்கி, விண்கல் மோதல் வரை கதையாகவே போகிறது. ஆசிரியர் தம் பயணங்களையும் நண்பர்களையும் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறார். இந்தியாவுக்கு அதில் இடம் குறைவு. இந்தக் குறைகளோடும் அதை நான் இரண்டு முறை படித்தேன்.

மகனுக்கு இப்போது இரண்டு போதும். ஒன்று, வைஷாலி ஷ்ராஃப் எழுதிய 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் பத்மா அண்ட் எ புளூ டைனோசர்'. இந்திய டைனோசர்களை ஒரு சிறுமியின் கதைவழியே அறிமுகப்படுத்தும் நூல் அது; உங்கள் மகனின் வயதுக்குச் சற்று எளிதாகத் தோன்றலாம், ஆனால் ஆங்கிலத்தில் முதன்முதலாக ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்து முடிக்கிறவனுக்கு எளிதாக இருப்பதே நல்லது. மற்றொன்று, லில்லி மர்ரி எழுத, கிறிஸ் வார்மெல் வரைந்த 'டைனோசாரியம்'. அருங்காட்சியகத்துக்குள் அறை அறையாகப் போவதுபோல் அமைத்திருக்கிறார்கள். அளவிற் பெரியது, விலையும் கூட. அதை வாங்குவதற்கு முன் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வாங்கி வைக்கும்படி எழுதிக் கொடுங்கள். சென்னைக்குப் போக நேர்ந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பிரிவு இருக்கிறது, ஒரு பகல் முழுவதும் அவனை அங்கே விட்டுவிடலாம். 10ஆம் வகுப்பு முடித்த பிறகும் இந்த ஆர்வம் தணியாமல் இருந்தால், டேரன் நாய்ஷும் பால் பாரெட்டும் எழுதிய 'டைனோசர்ஸ்: ஹவ் தே லிவ்ட் அண்ட் இவால்வ்ட்' நூலைக் கொடுங்கள், அது ஏறக்குறைய கல்லூரி வாசல்.

தமிழில் இந்தப் பொருளில் விரிவாகவும் புதிதாகவும் எழுதப்பட்ட நூல்கள் போதிய அளவு இல்லை என்பது எங்கள் துறையினர் வெட்கப்பட வேண்டிய செய்தி. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். அதனால் ஆங்கில நூலை வாங்குங்கள், ஆனால் தமிழில் பேசிக்கொண்டு படியுங்கள். ஒரு பக்கத்தை அவன் படிக்கட்டும், அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். தெரியாத சொல்லை ஒரு நோட்டில் எழுதட்டும். பெயர்கள் நீளமாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டைனோசர் என்ற சொல்லையே 1842இல் ரிச்சர்ட் ஓவன் கிரேக்கத்திலிருந்து, அச்சந்தரும் பெரும்பல்லி என்ற பொருளில் ஆக்கினார். நம் நாட்டுப் பெயர்கள் இன்னும் எளியவை. ராஜாசாரஸ் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கோதாவரிப் பகுதியில் கிடைத்த பாராபாசாரஸ் டாகோரையில், 'பரா பா' என்பது வங்காளியில் பெரிய கால்; 'டாகோரை' என்ற பின்பெயர், அது கிடைத்த காலத்தில் நூற்றாண்டு கொண்டாடப்பட்ட தாகூருக்கு. அதன் எலும்புக்கூடு கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிற்கிறது.

இந்தியாவைப் பற்றி ஒரே நூல் வேண்டுமென்றால் பிரணய் லால் எழுதி 2016இல் வெளிவந்த 'இண்டிகா'. இந்தத் துணைக்கண்டம் உருவானது முதல் மனிதர் வந்து சேர்ந்தது வரை போகும் கனமான நூல். ஒரே மூச்சில் படிக்க முடியாது, படங்களைப் பார்த்துக்கொண்டு அங்கங்கே நுழையலாம். இந்தியச் செய்திகளை உங்கள் மகன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நாட்டுப் பற்று மட்டும் காரணமல்ல; பல பழைய நூல்களைத் திருத்தியவை நம் மண்ணில் கிடைத்த சான்றுகள்தாம். டைனோசர் காலத்தில் புல் இல்லை என்று நாங்களெல்லாம் படித்தோம். மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில், கல்லாகிப்போன டைனோசர்ச் சாணத்தை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், புல்லுக்கே உரிய நுண்ணிய சிலிக்கா மணிகள் இருப்பதைக் காட்டினார்கள். நெல் தாளும் கோரையும் விரலை அறுக்கிறதே, அந்த அறுப்புக்குக் காரணமான பொருள்தான் அது. பின்னர் 2011இல், அந்த மணிகளில் சில நெல்லின் உறவினத்தைச் சேர்ந்தவை என்றும் அறிவித்தார்கள். குஜராத்தில் 1980களில் கிடைத்த ஒரு முட்டைக் கூட்டில், முட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்த எலும்புகள் டைனோசர்க் குஞ்சினுடையவை என்றே கருதினார்கள்; 2001இல் மறுபடி பார்த்தபோது அவற்றுட் சில பாம்பின் முதுகெலும்புகள் என்று தெரிந்தது. குஞ்சு பொரித்த வேளையில் கூட்டைச் சுற்றிப் படுத்திருந்த சுமார் 3.5 மீட்டர் பாம்பு, சனாஜே இண்டிகஸ், 2010இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஒரே கல்லை இரண்டாம் முறை பார்த்ததால் கிடைத்த பாம்பு.

உங்கள் பக்கத்து மாவட்டக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இணையத்திலும் சில புத்தகங்களிலும் உங்கள் மகன் அதைக் கட்டாயம் பார்ப்பான். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த பேரெலும்புகளுக்கு 1987இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். பெருத்த உடலுடையது என்று பொருள். முதலில் அதை ஊனுண்ணி என்றார்கள். பிறகு மற்றவர்கள் நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்றார்கள். அந்த எலும்புகள் ஈரத்தில் உதிரும் தன்மையுடையவை; மழையும் சேர்ந்து அவை அழிந்துபோயின. எஞ்சியவை சில வரைபடங்களும், 2022இல்தான் வெளியிடப்பட்ட பழைய ஒளிப்படங்களும். அவற்றைக் கொண்டு, அதன் எடை 110 முதல் 130 டன் வரை இருந்திருக்கலாம் என்று 2023இல் ஒரு மதிப்பீடு வந்தது. உலகிலேயே பெரிய டைனோசர் தமிழ்நாட்டில், என்று மட்டும் எழுதி நிறுத்தும் புத்தகம் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. எலும்பு இன்று கையில் இல்லை, அளந்து சரிபார்க்க வழியில்லை என்ற மறுபாதியையும் சொல்வது எதுவோ, அதை வாங்குங்கள்.

பள்ளி நூலகத்துப் பழைய புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். கனடாவில் 1909இல் வால்காட் கண்டுபிடித்த பர்ஜஸ் பாறையிலிருந்து வந்த ஹாலுசிஜீனியா என்ற அங்குல அளவு உயிர், முள்ளைக் காலாக ஊன்றி நடந்ததாக 1977இல் விவரிக்கப்பட்டது. ஸ்டீவன் ஜே கூல்ட் 1989இல் எழுதிய புகழ்பெற்ற நூலிலும் அப்படியே நிற்கிறது. இரண்டே ஆண்டுகளில், சீனத்து உறவினங்களைப் பார்த்த பிறகு அதைத் தலைகீழாகப் புரட்டினார்கள். முட்கள் முதுகில், கால்கள் கீழே. கூல்டின் நூல் இன்றும் படிக்கத்தக்கதே. பழைய புத்தகத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, எங்கே வேறுபடுகின்றன என்று பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள், நூலகப் புத்தகத்தில் மட்டும் குறிக்காமல்.

கடைசியாக அந்தக் கல். நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனாலும் அது முட்டையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் கிரெட்டேசியஸ் என்ற, டைனோசர்களின் கடைசிக் காலப் படிவுகளில் பெரும்பாலானவை கடலுக்கடியில் படிந்தவை. டைனோசர்கள் நிலத்தில் முட்டையிட்டவை. கடலடிச் சேற்றில் புதைந்த நத்தையோ, அம்மோனைட் என்ற சுருள் ஓடுடைய பழங்காலக் கடல் உயிரோ அழுகும்போது, அதைச் சுற்றியுள்ள சேற்றில் வேதி மாற்றம் ஏற்பட்டுச் சுண்ணாம்பு படிந்து உருண்டையாக இறுகிவிடும். பிறகு களிமண் கரைந்தோட, உருண்டை மட்டும் வயலில் கிடக்கும். சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் குன்னத்திலேயே அப்படிப்பட்ட உருண்டைகள் வெளிப்பட்டு, டைனோசர் முட்டை என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. பார்த்த நிலவியலாளர்கள் கடல் உயிர்ப் படிவுகள் என்றே விளக்கினார்கள். உண்மையான முட்டைகள் மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் கிடைத்தவை: 92 கூடுகள், 256 முட்டைகள் என்று 2023இல் அறிவித்தார்கள். அவற்றில் ஓரிரு மில்லிமீட்டர் தடிப்புள்ள ஓடு தெரியும். அந்த ஓட்டைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால் மூச்சுத் துளைகள் தெரியும். உங்கள் மகனுடைய கல்லின் மேற்பரப்பை ஒரு பூதக்கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள். ஓடு என்று தனியாக ஒன்று இல்லாமல் உள்ளும் புறமும் ஒரே கல்லாக இருந்தால், அது முட்டையல்ல.

அவன் முகம் வாடும். அப்போது, உள்ளே அம்மோனைட் இருக்கக்கூடும் என்று சொல்லுங்கள். பெருமாள் பூசையில் வைக்கும் சாளக்கிராமம், கண்டகி ஆற்றில் உருண்டு வந்த அம்மோனைட் படிவந்தான். அதைப் பார்த்திருக்கிறவனுக்கு இந்தக் கல்லின் மதிப்பு புரியும். ஒரு விடுமுறை நாளில் அரியலூர் அருகே வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும், உங்கள் மாவட்டத்திலேயே உள்ள சாத்தனூர் கல்மரத்துக்கும் அவனையும் மாமனாரையும் அழைத்துப் போங்கள். சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரம் கல்லாகிக் கடற்படிவுக்கு நடுவே கிடக்கிறது. 1940இல் நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்தார். காரை ஊரின் சிவந்த பள்ளங்களில், துப்பாக்கிக் குண்டு போன்ற விரல்நீளக் கற்களைக் காட்டுங்கள். கணவாய் மீனின் உறவான பெலம்னைட்டின் உடலுக்குள் இருந்த தண்டு அது. பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள். அள்ளிக்கொண்டு போகிறவர்களால் அந்த இடம் ஆண்டுக்கு ஆண்டு வெறுமையாகிறது.

வீட்டிலுள்ள கல்லை உடைக்க வேண்டாம், எண்ணெய் தடவவும் வேண்டாம். யாருடைய வயல், எந்த மூலை, எவ்வளவு ஆழத்தில், எந்த நாளில் எடுத்தது என்று ஒரு சீட்டில் அவன் கையாலேயே எழுதி, கல்லோடு சேர்த்துத் துணியில் முடிந்து வையுங்கள். பக்கத்திலுள்ள ஏதேனும் ஒரு கல்லூரியின் நிலவியல் துறைக்கு அதைக் கொண்டுபோனால், முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.